வீட்டுத் திசைவியின் பாதுகாப்பு

வீட்டுத் திசைவி (ரௌட்டர்) என்பது இணையச் சேவை வழங்குநர் தரும் ஓர் இணைப்பை வீட்டிலுள்ள கணினி, செல்பேசி, தொலைக்காட்சி முதலிய பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சாதனம் ஆகும். இன்று பெரும்பாலும் மோடமும் வை-ஃபை பரப்பியும் இதே பெட்டிக்குள் அமைந்திருக்கும். வீட்டிலிருந்து எக்கருவி எதை அனுப்பினாலும் அது சேவை வழங்குநரின் பதிவேட்டில் இணைப்புக்கு உரியவரின் பெயரிலேயே பதிவாகும்.

நவி மும்பை நிகழ்வு

2008 சூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சில நிமிடங்கள் முன்னர், அவற்றுக்குப் பொறுப்பேற்கும் மின்னஞ்சல் ஊடகங்களுக்கு வந்தது. ஐபி முகவரியைப் பின்தொடர்ந்த காவல்துறை, நவி மும்பையின் சான்பாடாவில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டை அடைந்தது. அவரது வை-ஃபை இணைப்பைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர் என்பது பின்னரே தெளிவாயிற்று. அதே ஆண்டு ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் மாட்டுங்காவிலுள்ள ஒரு கல்லூரி, செம்பூரிலுள்ள ஒரு நிறுவனம் ஆகியவற்றின் இணைப்புகளும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டன. இதன் தொடர்ச்சியாக 2009-இல் தொலைத்தொடர்புத் துறை வை-ஃபை பாதுகாப்பு குறித்து நெறிமுறைகளை வெளியிட்டது.

வை-ஃபை அலைகள் சுவரோடு நின்றுவிடுவதில்லை. சென்னை மாதவரம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு வீட்டின் அலை அண்டை வீடுகளையும் தெருவையும் எளிதில் எட்டும்.

இரு கடவுச்சொற்கள்

திசைவிக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வை-ஃபையில் இணைவதற்கானது. மற்றொன்று, உலாவியில் 192.168.1.1 போன்ற முகவரியை இட்டுத் திறக்கும் மேலாண்மைப் பக்கத்துக்கானது. முதலாவதை மாற்றுவோர் பலரும் இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். அது பல கருவிகளில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுக்கும் "அட்மின்" என்றே இருந்துவந்தது. 2017 சூலையில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை மோடங்களைத் தீநிரல் தாக்கியபோது, இவ்வாறு மாற்றப்படாத கடவுச்சொற்களே அதற்கு வழிவிட்டன.

மேலாண்மைப் பக்கம் கைப்பற்றப்பட்டால் விளைவு பெரிது. தாக்குபவர் டி.என்.எஸ். வழங்கியின் முகவரியை மாற்றிவிட்டால், பயனர் வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்தாலும் போலித் தளத்துக்குச் செல்ல நேரிடும். பிரேசிலில் 2011-இல் சுமார் 45 இலட்சம் மோடங்கள் இம்முறையில் பாதிக்கப்பட்டன. இணையத்தின் வழியே இப்பக்கத்தை அணுக உதவும் தொலை மேலாண்மை வசதி பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையற்றது, அதனை அணைத்துவிடலாம்.

மறையாக்கம்

வெப் (டபிள்யூ.ஈ.பி.) முறை 2001-லேயே உடைக்கப்பட்டது, அதனைப் பயன்படுத்துதல் பூட்டாத கதவுக்கு ஒப்பாகும். 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஆயினும் டபிள்யூ.பி.எஸ். வசதி இயக்கத்தில் இருந்தால் இவற்றின் வலிமை குன்றும். அதன் எட்டு இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்குரியது. எஞ்சியவற்றைத் திசைவி நான்கு, மூன்று இலக்கங்களாகத் தனித்தனியே சோதிப்பதால், கோடி முயற்சிகள் தேவைப்பட வேண்டிய இடத்தில் 10,000 + 1,000 = 11,000 முயற்சிகளே போதும். இக்குறை 2011 இறுதியில் வெளியானது.

வலையமைப்பின் பெயரை மறைப்பதும், மேக் முகவரி வடிகட்டியும் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றால் பயன் மிகக் குறைவு. மேக் முகவரி மறையாக்கமின்றியே காற்றில் செல்வதால், ஒட்டுக்கேட்பவர் அதனை எளிதாகப் போலி செய்துகொள்ளலாம்.

தயாரிப்பாளர் வெளியிடும் நிலைப்பொருள் இற்றைப்படுத்தல்களையும் நிறுவுதல் வேண்டும். திசைவியின் பின்புறமுள்ள மீட்டமைப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் அனைத்து அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். எனவே பழுது பார்க்கப்பட்ட பின்னர் இரு கடவுச்சொற்களையும் மீண்டும் மாற்றுதல் வேண்டும்.