முதல் நிரலே ஓடாதபோது

பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய சி மொழி நூல் 1978-ல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1988-ல். உலகம் முழுக்கப் புரோகிராமர்களை வளர்த்த புத்தகம் அது. அதன் முதல் நிரல் திரையில் ஒரு வணக்கம் சொல்லும் சில வரிகள்தான். அதில் ‘மெயின்’ என்பதற்கு முன்னால் ‘இன்ட்’ என்று எழுதியிருக்காது. அன்றைக்கு அது சரி. 1999-ம் ஆண்டுத் தரநிர்ணயம் அந்தச் சலுகையை நீக்கியது. கம்பைலர்கள் வெகுகாலம் எச்சரிக்கையோடு விட்டுவிட்டன. 2024-ல் வந்த ஜிசிசி 14 கம்பைலர், வழக்கமான அமைப்பில் அதைப் பிழை என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. மூன்றாம் பதிப்பு வரவேயில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி++ பழகியவர்களுக்கு இது தெரிந்த கதை. பழைய பாடநூலில் உள்ள ‘ஐஓஸ்ட்ரீம்.ஹெச்’, ‘கிளியர் ஸ்கிரீன்’ வரிகளை இன்றைய கம்பைலரில் அப்படியே அடித்தால் முதல் வரியிலேயே பிழை வரும். தவறு தன்னுடையது என்றே மாணவர் நினைப்பார்.

பிழை காட்டி நின்றால்கூடப் பரவாயில்லை. 2008-ல் பைத்தான் 3 வந்தபோது, அடைப்புக்குறி இல்லாத ‘பிரிண்ட்’ வரிகள் உடனே சிக்கிக்கொண்டன, எல்லோரும் திருத்தினார்கள். அதே பதிப்பில் வகுத்தலும் மாறியது. 3/2 என்றால் பைத்தான் 2 தந்த விடை 1. பைத்தான் 3 தருவது 1.5. நிரல் தடையின்றி ஓடும், விடை மட்டும் வேறு. இரண்டில் ஆபத்தானது இதுதான்.

ரஸ்ட் மொழியின் அதிகாரபூர்வ நூல், பாடநூலின் நிரல்கள் பழசாகிவிடும் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. ஸ்டீவ் கிளாப்னிக், கரோல் நிக்கோல்ஸ் இருவரும் முதலில் எழுதிய அந்த நூலை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், அச்சிலும் வாங்கலாம். ரஸ்ட்டின் புதிய வெளியீடு ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. எந்த அச்சகமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அச்சு நூல் வெளிவந்தது 2018-ல். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மொழியின் ‘2018 எடிஷன்’ என்ற புதிய விதித்தொகுப்பு அறிமுகமாக, அதற்கேற்பத் திருத்திய நூல் 2019-ல் மறுபடி அச்சேறியது.

திருத்தியது நிரலின் எழுதுமுறையை மட்டும் அல்ல. ரஸ்ட்டில் ஒரு தரவைக் கடன் வாங்கியவர் கையில் அது இருக்கும்வரை, மற்றவர் அதை மாற்ற முடியாது. அந்தக் கடன் எப்போது தீர்கிறது? முன்பு, நிரலின் அந்தப் பகுதி முடியும்போது; இப்போது, கடைசியாகப் பயன்படுத்திய இடத்திலேயே. ஆகவே ‘இது ஓடாது’ என்று காட்டத்தக்க சில எடுத்துக்காட்டுகள் ஓடத் தொடங்கின. ஓடும் நிரலைச் சோதிப்பது போலவே ஓடக்கூடாத நிரலையும் சோதிக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றாத வேலை. இந்த நூலின் எடுத்துக்காட்டுகள் நிஜமான நிரல்களாகவே தனிக் கோப்புகளில் இருக்கின்றன. ஓடாது என்று குறித்தவற்றுக்கும் தனி அடையாளம் உண்டு. கம்பைலர் புதிதானால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, பக்கத்தில் அச்சாகும் பிழைச் செய்திகளையும் புதுப்பிக்கிறார்கள். பாராட்டத்தக்க உழைப்பு.

மொழியும் புத்தகத்துக்குக் கைகொடுக்கிறது. தன் எடிஷன் எது என்று ஒவ்வொரு திட்டமும் ஒரு வரியில் குறித்துவைக்கலாம். அந்த வரியில் பழைய எடிஷன் இருந்தால் 2018 நூலின் நிரலை இன்றைய கம்பைலரும் பழைய எழுதுமுறைப்படியே படிக்கும்.

இல்லாத பாடத்தை மட்டும் எந்தச் சோதனையும் கண்டுபிடிக்காது. ஒரு வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்றொன்றைச் செய்யவிடும் ‘அசிங்க்–அவெய்ட்’ வசதி 2019 நவம்பரிலேயே ரஸ்ட்டில் நிலைபெற்றுவிட்டது. 2023-ல் அச்சான இரண்டாம் பதிப்பில்கூட அதற்குத் தனி அத்தியாயம் இல்லை. பிறகுதான் இணைய வடிவில் 17-ம் அத்தியாயமாக அது சேர்ந்தது. அதனால் பின்னால் இருந்தவை ஒவ்வொன்றும் ஓர் எண் தள்ளிப்போயின. வலைச் சேவையகம் கட்டும் இறுதிப் பாடம் 2023 அச்சு நூலில் 20-ம் அத்தியாயம், இணையத்தில் 21. வகுப்பில் இரண்டையும் கலந்து பயன்படுத்தும் ஆசிரியர், அத்தியாய எண்ணைச் சொல்லாமல் தலைப்பைச் சொல்வது நல்லது.