உறையும் செயலியும் அவசர வைத்தியமும்

வீட்டுக் கணினியில் வாட்ஸ்ஆப் செயலியைத் திறந்து வைத்திருப்போர் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக அதைத் திறப்பதில்லை. ஜிஎஸ்டி பட்டியலைத் தணிக்கையாளருக்கு அனுப்பும் சிறு வணிகர், குடியிருப்போர் சங்கத்தின் வரவு-செலவுக் கணக்கை உறுப்பினர்களுக்கு அனுப்பும் செயலாளர், வழக்குரைஞர் அனுப்பிய மனுவைத் திருத்தித் திருப்பி அனுப்புபவர், வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளைப் பெரிய திரையில் பார்த்துப் பேச விரும்பும் பெற்றோர் ஆகியோரே அதன் வழக்கமான பயனர்கள். வேலைக்கு நடுவே திரை வெளிறி, எந்த விசையை அழுத்தினாலும் அசையாமல் செயலி உறைந்துவிட்டால் இவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒன்று, செயலியை அடியோடு நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். அல்லது, இணையத்தில் தேடிக் கிடைத்த 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை அழைக்கிறார்கள். முதலாவது, கோப்புகளைப் பறிக்கக் கூடும்; இரண்டாவது, வங்கிக் கணக்கில் உள்ள பணத்தையே பறிக்கக் கூடும். இவ்விரண்டுக்கும் முன்பாக, உறைந்திருப்பது எது என்று கண்டறியச் சில நிமிஷங்களைச் செலவிடுவது நல்லது.

விண்டோஸ் இயங்குதளத்தில் திரையில் தோன்றும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வரிசை உண்டு. நாம் விசையைத் தட்டுவது, மவுஸை அசைப்பது, சாளரத்தை இழுப்பது என எல்லாமே சிறுசிறு தகவல்களாக அந்த வரிசையில் போய் நிற்கும். செயலி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் செயல்பட வேண்டும். 5 விநாடிகளுக்கு மேல் எதையும் எடுத்துப் பார்க்காத செயலியை விண்டோஸ் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று அறிவித்து, அதன் சாளரத்தின் மீது வெளிறிய நகல் ஒன்றைப் போர்த்திவிடுகிறது. தகவல் பரிமாற்றத்துக்கென்றே பிறந்த செயலி, தனக்கு வந்த தகவல்களைப் படிக்க நேரமின்றித் திணறும் விந்தைதான் இது.

உறைந்த செயலி செயலிழந்துவிட்டதாகப் பொருளில்லை. அது வேறொரு வேலையில் மூழ்கியிருக்கலாம். வன்தட்டிலிருந்து வர வேண்டிய தரவுக்காகக் காத்திருக்கலாம். ஆகவே, இரண்டு நிமிஷங்கள் எதையும் தொடாமல் இருப்பதே முதல் வைத்தியம். பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் சொடுக்கினால், அத்தனை சொடுக்குகளும் வரிசையில் சேர்ந்து நின்று, செயலி விழித்துக்கொண்ட கணத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறக் கூடும். அனுப்ப நினைக்காத படம் குடும்பக் குழுவுக்குப் போய்ச் சேருவது இப்படித்தான்.

காத்திருந்தும் பயனில்லை என்றால், உறைந்திருப்பது செயலி மட்டுமா, கணினி முழுவதுமா, அல்லது இணைப்பா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதை எளிதில் விலக்கிவிடலாம். சாளரம் அசைகிறது, பழைய உரையாடல்களைப் படிக்க முடிகிறது, புதிய செய்திகள் மட்டும் வரவில்லை என்றால், அது உறைதல் அன்று, இணைப்புக் கோளாறு. உலாவியில் வேறொரு தளம் திறக்கிறதா என்று சோதித்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, கணினியின் கடிகாரத்தில் இருக்கலாம். பழைய கணினிகளில், மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரம் நின்று வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் காலாவதித் தேதியும் உண்டு என்பதால், தவறான தேதியுள்ள கணினியால் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திக்கொள்ள முடியாது. சில பத்து ரூபாய் பேட்டரியை மாற்றினால் தீரும் கோளாறு இது. கைப்பேசியில் 14 நாள்களுக்கு மேல் வாட்ஸ்ஆப்பைப் பயன்படுத்தாமல் இருந்தாலும், இணைக்கப்பட்ட கணினிகளின் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

பெரும்பாலான வீடுகளில் உண்மையான கோளாறு கணினியிலேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்திகளின் தலையில் உள்ள விழுக்காட்டைப் பார்த்தால் போதும். மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி, டிஸ்க் 100-ஐத் தொட்டுக்கொண்டு நின்றால், வாட்ஸ்ஆப் மீது மட்டும் பழிபோடுவதில் பொருளில்லை. நினைவகத்தில் இடமில்லாதபோது, அதில் உள்ளதை விண்டோஸ் வன்தட்டுக்கு மாற்றி வைக்கிறது. தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. இந்த ஏற்றுமதி-இறக்குமதிதான் கணினியை முடக்குகிறது.

ஏன் முடக்குகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி விநாடி ஆகும். தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அதில் பாதி நேரம்; அந்த முனை உரிய தடத்துக்கு நகர்வதற்கு மேலும் 8 அல்லது 9 மில்லி விநாடிகள். அதாவது, சிதறிக் கிடக்கும் தரவுகளை விநாடிக்கு நூறு முறை கூட அதனால் எடுத்துத் தர முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, அதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்துவிடும். வன்தட்டுடன் 4 ஜிபி நினைவகம் மட்டும் கொண்ட கணினியில் உலாவி, வைரஸ் தடுப்பு மென்பொருள், வாட்ஸ்ஆப் மூன்றும் ஒரே நேரத்தில் இயங்கினால், உறையாமல் இருந்தால்தான் வியப்பு. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இரண்டை நிறுவி வைத்திருப்போர், அவற்றில் ஒன்றை உடனே நீக்கிவிட வேண்டும். வந்து சேரும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு காவலர்கள் மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால், எல்லாப் பழியையும் பழைய கணினி மீதே சுமத்துவதும் நியாயமன்று. கணினிக்கான வாட்ஸ்ஆப் செயலி 2016-இல் முதலில் வந்தபோது, அது ஓர் உலாவியைப் பெட்டிக்குள் அடைத்து வைத்தது போன்ற அமைப்பையே கொண்டிருந்தது. 2022-இல் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட செயலி வெளியானது. அது இலகுவாகவும் விரைவாகவும் இயங்கியது. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தச் செயலி கைவிடப்பட்டு, எட்ஜ் உலாவியின் இயந்திரத்துக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பழைய முறைக்கே நிறுவனம் திரும்பியது. ஒரே நிரலை எல்லாக் கணினிகளுக்கும் பராமரிப்பது நிறுவனத்துக்கு வசதிதான். அந்த வசதிக்கான விலையை நம் வீட்டுக் கணினியின் நினைவகம் செலுத்துகிறது. செயலியின் புதிய வடிவம் பல நூறு மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது. பரபரப்பான குழுக்கள் இருந்தால் அதற்கு மேலும் போகும். நேற்றுவரை நன்றாக ஓடிய செயலி இன்று ஏன் திணறுகிறது என்று கேட்போர், தங்கள் மீதோ தங்கள் கணினி மீதோ ஐயம் கொள்வதற்கு முன் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதற்கு ஓர் எளிய மாற்றுவழி உண்டு. குரோம் அல்லது எட்ஜ் உலாவியை எப்படியும் திறந்துதான் வைத்திருப்போம் என்றால், தனிச் செயலியை மூடிவிட்டு, அந்த உலாவியிலேயே ஒரு தாவலில் வாட்ஸ்ஆப் இணையப் பக்கத்தைத் திறந்துகொள்ளலாம். இரண்டு உலாவி இயந்திரங்களுக்குப் பதில் ஒன்று மட்டும் இயங்கும். அந்த இணையப் பக்கம் சீராக ஓடி, தனிச் செயலி மட்டும் உறைகிறது என்றால், கோளாறு செயலியின் கோப்புகளில் இருக்கிறது என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.

செயலி மட்டும் உறைவதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. வாட்ஸ்ஆப் செய்திகள் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய வகையில் பூட்டப்பட்டவை. பழைய உரையாடல்கள் நிறுவனத்தின் சேவையகத்தில் இருப்பதில்லை. நம் கருவிகளில்தான் இருக்கின்றன. ஆகவே கணினியைப் புதிதாக இணைக்கும்போது, அண்மைக்கால உரையாடல்கள் கைப்பேசியிலிருந்து மறையாக்கம் செய்யப்பட்டு வந்து, கணினியில் பிரிக்கப்பட்டு, அடுக்கப்படுகின்றன. உறுப்பினர்கள் நிறைந்த பல குழுக்களில் இருப்பவருக்கு இந்த வேலை நீண்ட நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் செயலி உறைந்ததுபோல் தோன்றுவது இயல்பு. அப்போது அதை மூடுவதும், நீக்கி மீண்டும் நிறுவுவதும், பாதி முடிந்த வேலையை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்யச் சொல்வதாகும். சிலர் மாதக்கணக்கில் இந்தச் சுழலில் சிக்கியிருக்கிறார்கள். காலை வணக்கப் படங்களும் காணொலிகளும் தானாகப் பதிவிறங்குவதைச் செயலியின் அமைப்புகளில் நிறுத்தி வைத்தால், சுமை கணிசமாகக் குறையும்.

இதற்குப் பிறகும் உறைந்தால் வைத்தியத்தை வரிசையாகச் செய்ய வேண்டும். டாஸ்க் மேனேஜரில் வாட்ஸ்ஆப்பைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்து மூடலாம். மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கினால் அது பின்னணியில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கக் கூடும். பிறகு கணினியை 'ரீஸ்டார்ட்' செய்ய வேண்டும். 'ஷட் டவுன்' செய்து மீண்டும் இயக்குவது இதற்கு ஈடாகாது. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியை அப்படியே வன்தட்டில் சேமித்து வைத்து மறுநாள் மீட்டெடுப்பதால், நேற்றைய கோளாறும் அதனுடன் திரும்பி வரலாம். அடுத்து, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் செயலியின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். காணொலி அழைப்பின்போது மட்டும் உறைகிறது என்றால் திரை அட்டைக்கான டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் 'செட்டிங்ஸ்' பகுதியில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, வாட்ஸ்ஆப்புக்கான 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' பக்கத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே 'ரிப்பேர்', 'ரீசெட்' என்ற இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து இருக்கும். ரிப்பேர், தரவுகளைத் தொடாமல் செயலியைச் சீர்செய்ய முயலும். ரீசெட், செயலி கணினியில் சேமித்து வைத்த அனைத்தையும் அழித்துவிடும். செயலியை நீக்குவதும் அப்படித்தான்.

'உரையாடல்கள் எல்லாம் கைப்பேசியில் இருக்கின்றனவே, அழிந்தால் என்ன?' என்று கேட்கலாம். உரையாடல்கள் இருக்கும், கோப்புகள் இருக்கும் என்று உறுதி கூற முடியாது. வந்த வேர்டு கோப்பையோ எக்செல் கோப்பையோ வேறிடத்தில் சேமிக்காமல், உரையாடலிலேயே சொடுக்கித் திறந்து திருத்துவது பலரின் வழக்கம். திருத்திய பிறகு 'சேவ்' கொடுத்தால் அது எங்கே போகிறது? டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்கு அல்ல; 'ஆப்டேட்டா' என்ற மறைந்திருக்கும் கோப்புறையின் ஆழத்தில், வாட்ஸ்ஆப் செயலிக்கே உரிய 'டிரான்ஸ்பர்ஸ்' என்ற இடத்தில் போய்ச் சேர்கிறது. கைப்பேசியில் இருப்பது திருத்தப்படாத பழைய கோப்பு மட்டுமே. பல நாள் உட்கார்ந்து திருத்திய மனுவும், ஆண்டுக் கணக்கும் ரீசெட் பொத்தானின் ஒரே சொடுக்கில் மறைந்துபோகும். ரீசைக்கிள் பின்னிலும் அவற்றைத் தேட முடியாது. எனவே, அந்தப் பொத்தானைத் தொடும் முன், வேர்டு, எக்செல் ஆகியவற்றின் அண்மைக் கோப்புப் பட்டியலைத் திறந்து, வாட்ஸ்ஆப் வழி வந்த கோப்புகளை 'சேவ் அஸ்' கொடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்திக்கொள்வது கட்டாயம்.

தொலைபேசி உதவியை நாடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் வாட்ஸ்ஆப் உதவி எண் என்று காணப்படுபவை மோசடிக்காரர்களின் எண்களாக இருக்க வாய்ப்பு அதிகம். பொதுப் பயனர்களுக்கான உதவி, செயலிக்குள் உள்ள 'ஹெல்ப்' பகுதியில்தான் கிடைக்கும். அழைப்பை எடுப்பவர் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொன்னாலோ, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டாலோ, உடனே அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்தால் நம் வாட்ஸ்ஆப் கணக்கே அவர் கைக்குப் போய்விடும். தொலைவிலிருந்து இயக்க அனுமதித்தால், திரையில் திறந்திருக்கும் வங்கிப் பக்கமும் அவருக்குத் தெரியும். பணம் போய்விட்டால், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை இடைமறிக்கும் வாய்ப்பு கூடும்.

கணினியே பழையது என்றால், வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவது, புதிய கணினி வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவில் கணிசமான மாற்றத்தைத் தரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன என்பதால், அந்தப் பதிப்பில் இருப்போர் அடுத்து என்ன என்பதையும் அப்போதே பழுதுநீக்குபவரிடம் கேட்டுக்கொள்ளலாம். கணினியைக் கடையில் விட்டு வருவதற்கு முன், கைப்பேசியில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியைத் திறந்து, அந்தக் கணினியின் பெயரைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றிவிட வேண்டும். அதற்கும் முன்பு, மேலே சொன்ன கோப்புகளைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும்.