சிபிலிஸ் பரிசோதனை விழிப்புணர்வுப் பரப்புரை

சிபிலிஸ் பரிசோதனை விழிப்புணர்வுப் பரப்புரை என்பது, சிபிலிஸ் (மேகப்புண், கிரந்தி) என்னும் பால்வினை நோயை இரத்தப் பரிசோதனை மூலம் கண்டறிந்து குணப்படுத்தவும், அது பரவாமல் தடுக்கவும் மக்களை முன்வரச் செய்யும் பொதுச் சுகாதாரப் பணியாகும்.

நோயின் தன்மை

'திரெபோனிமா பாலிடம்' என்னும் பாக்டீரியாவால் வரும் இந்நோய், உடலுறவு மூலமும் தாயிடமிருந்து கருவுக்கும் பரவுகிறது. முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. மருந்தின்றியே 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். ஆனால் கிருமி உடலிலேயே இருக்கும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்புகள் தோன்றலாம், அவையும் மறைந்துவிடும். பல ஆண்டுகளுக்குப் பிறகு இதயமும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆகவே, "புண் இருந்தால் வாருங்கள்" என்ற அறிவிப்பு மட்டும் போதாது. அறிகுறி இல்லாதவரும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதே முதன்மைச் செய்தி.

தொடக்க நிலையில், 24 இலட்சம் அலகு பென்சத்தீன் பென்சிலின் ஒருமுறை செலுத்தினால் பொதுவாக நோய் குணமாகும். கருவுற்ற பெண்ணுக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், பிறவிச் சிபிலிஸ் ஆகியவை நேரலாம்.

புள்ளிராஜா தந்த பாடம்

1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்த தமிழ்நாட்டுக்கு இத்துறையில் நீண்ட அனுபவம் உண்டு. 2000-களின் தொடக்கத்தில், புள்ளிராஜா என்ற கற்பனை மனிதனுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரம் ஊரெங்கும் பேச்சானது. பேசத் தயங்கிய பொருளை அது தெருவுக்குக் கொண்டுவந்தது. அதேவேளை அப்பெயர் கேலிச்சொல்லாகவும் மாறியது. செய்தி பரவுவது ஒன்று, கேட்டவர் பரிசோதனைக்குச் செல்வது வேறொன்று.

திட்டமிடும் முறை

மணவாளக்குறிச்சி போன்ற ஒரு கடலோர ஊரை எடுத்துக்கொள்வோம். ஒருவரையொருவர் அறிந்த ஊரில், 'பால்வினை நோய் முகாம்' என்று பலகை வைத்தால் வரிசையில் நிற்க யாரும் துணியார். எனவே:

1. கருவுற்ற பெண்களுக்கு இரத்த வகை, இரும்புச்சத்து, எச்.ஐ.வி. பரிசோதனைகளோடு இதையும் வழக்கமான ஒன்றாகவே விளக்க வேண்டும்.
2. தொற்று உறுதியானால் கணவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் தேவை. இல்லையெனில் குணமானவருக்கு மீண்டும் தொற்றும். ஆண்கள் கடலிலிருந்து திரும்பும் நேரத்துக்கு ஏற்ப மருத்துவ நேரம் அமைய வேண்டும்.
3. ஆணுறை தொற்று வாய்ப்பைக் குறைக்கும் என்பதையும், அது கிடைக்கும் இடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.
4. அச்சிடும் முன் துண்டறிக்கையைச் சிலரிடம் காட்டி, "இது யாருக்காக?" என்று கேட்க வேண்டும். "தப்பு செய்தவர்களுக்கு" என்று பதில் வந்தால், வாசகத்தை மாற்றியே ஆக வேண்டும்.
5. அறிவிக்கும் முன்பே பரிசோதனைக் கருவியும் மருந்தும் இருப்பில் இருக்க வேண்டும்.

வெற்றியை அளத்தல்

வழங்கிய துண்டறிக்கைகளை எண்ணுவது அளவுகோல் ஆகாது. பரிசோதனை செய்துகொண்டோர், சிகிச்சையை முடித்தோர், உடன் வந்த துணைவர் ஆகியோரின் எண்ணிக்கையே அளவுகோல்.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றை 2019-இல் உலக சுகாதார அமைப்பிடம் இலங்கை பெற்றது. வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும், எல்லாத் தாய்மாருக்கும் பொதுவான கர்ப்பகாலப் பரிசோதனையும் அதற்குத் துணைநின்றன. எல்லாருக்கும் பொதுவான பரிசோதனையில் யாருக்கும் வெட்கம் இல்லை.

இந்தியாவில் இது பற்றிய ஆலோசனையை 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெறலாம்.