கலவை என்றால் ஆபத்தில்லை என்று பொருளா?

பருப்பொருள்களைத் தனிமம், சேர்மம், கலவை என வகைப்படுத்துவது வேதியியலின் முதல் படி. வரையறைகளை மாணவர்கள் எளிதில் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால், "கலவையில் புதிய பொருள் உருவாவதில்லை" என்ற வரியை, "கலப்பதால் ஒன்றும் ஆகாது" என்று அவர்களில் சிலர் புரிந்துகொள்வதைக் கவனித்திருக்கிறேன். நான் பணியாற்றுவது விருதுநகர் மாவட்டம் ஆலங்குளம் பகுதியில். பிள்ளைகள் பலரின் பெற்றோர் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்கள். இங்கு இந்தப் புரிதல் உயிரோடு தொடர்புடையது. எனவே, ஊரில் உள்ள பொருள்களைக் கொண்டே இப்பாடத்தை நடத்துகிறேன்.

சுண்ணாம்புக்கல்

ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை 1970இல் தொடங்கப்பட்டது. அதன் முக்கிய மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கால்சியம், கார்பன், ஆக்சிஜன் என்ற மூன்று தனிமங்கள் மாறாத விகிதத்தில் இணைந்த சேர்மம் அது. 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டை வெப்பத்தால் முழுவதும் சிதைத்தால் 56 கிராம் கால்சியம் ஆக்சைடும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். எந்த ஊரில் எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால், வெட்டி எடுத்த கல்லில் களிமண், மணல் முதலியனவும் இருக்கும். ஆகவே கல் ஒரு கலவை. "கல் கலவையா, சேர்மமா?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பில் நல்ல விவாதம் எழும்.

இரும்பும் கந்தகமும்

இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் எந்த விகிதத்திலும் கலக்கலாம். காந்தத்தால் இரும்பைப் பிரித்துவிடலாம். சூடாக்கினால் 7 பங்கு இரும்பு 4 பங்கு கந்தகத்தோடு இணைந்து இரும்பு சல்பைடு உருவாகிறது. இதில் இரும்பைக் காந்தத்தால் பிரிக்க முடியாது. சூடாக்கும் பகுதியை ஆசிரியர் மட்டும், மிகக் குறைந்த அளவில், காற்றோட்டமான இடத்தில் செய்துகாட்ட வேண்டும்.

கருமருந்து

பொட்டாசியம் நைட்ரேட், கரித்தூள், கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. கரியின் பெரும்பகுதியான கார்பனும் கந்தகமும் தனிமங்கள், பொட்டாசியம் நைட்ரேட் சேர்மம், கருமருந்தோ கலவை. பொட்டாசியம் நைட்ரேட் நீரில் கரையும். மற்ற இரண்டும் கரையா. பண்புகள் மாறவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கரியும் கந்தகமும் எரியும் பண்பை இழக்கவில்லை. நைட்ரேட் ஆக்சிஜன் தரும் பண்பை இழக்கவில்லை. எரிபொருளும் ஆக்சிஜன் தருவதும் துகளோடு துகளாக நெருங்கி நிற்கின்றன. ஒரு பொறி போதும். கலப்பது இயற்பியல் மாற்றம். எரிவது வேதியியல் மாற்றம். இரண்டுக்கும் இடையே உள்ள நேரம் ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கலாம்.

சட்டமும் கலவையைத் தனியாகப் பார்க்கிறது. கந்தகத்தைக் குளோரேட்டுடன் கலந்த வெடிபொருள்களுக்கு இந்திய அரசு 1992இல் தடை விதித்தது. அந்தக் கலவை சிறு உராய்விலேயே தீப்பற்றக்கூடியது. தீக்குச்சி முனை தயாரிப்புக்கு விலக்கு உண்டு.

தீப்பெட்டி

கலக்காமல் வைப்பதும் வேதியியல்தான். குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் உரசும் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். உரசும்போது மட்டுமே இரண்டும் சந்திக்கின்றன. பாதுகாப்புத் தீப்பெட்டி என்ற பெயருக்குக் காரணம் இந்தப் பிரிவினைதான்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளுக்கு அரிசியும் உமியும், உப்பும் மணலும் போதும். முறத்தில் புடைத்தல், கரைத்தல், வடிகட்டுதல் ஆகியவற்றைப் பிள்ளைகளே செய்யட்டும். உயர்நிலை வகுப்புகளில் எந்தப் பொருளைக் காட்டினாலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்:

1. இதில் எத்தனை வகைப் பொருள்கள் உள்ளன?
2. அவற்றின் விகிதம் மாறக்கூடியதா?
3. அவை ஒன்றோடொன்று வினைபுரியக் கூடியவையா?

முதல் இரண்டும் வகைப்படுத்த உதவும். மூன்றாவது, கைவைக்கலாமா என்று சொல்லும். கருமருந்தைக் கரும்பலகையில் மட்டுமே விளக்குவோம். வெடிக்காத பட்டாசைப் பிரித்து மருந்தைச் சேர்க்கும் பழக்கம் பிள்ளைகளிடம் இருந்தால், அதை நிறுத்தச் சொல்வதற்கான காரணமும் இதே பாடத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் இதை நடத்துவது பொருத்தமாக இருக்கும்.