பிக்கப் வண்டியின் மூளை கெட்டால் மீன் வாடை வரும், தெரியுமா?

வி8 எஞ்சின் பூட்டிய ஓர் அமெரிக்க பிக்கப் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு எத்தனை தீப்பொறி வெடிக்கிறது தெரியுமா? 200! ஒவ்வொரு பொறிக்கும் முகூர்த்தம் குறிப்பதும், எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்று கணக்குப் போடுவதும் ஒரே ஓர் அலுமினியப் பெட்டிதான், வண்டியின் மூளையாக இருக்கும் கணினி. ஈசிஎம் என்பார்கள், சிலர் பிசிஎம் என்பார்கள்.

எஞ்சின் இந்த நொடியில் எந்த நிலையில் சுழல்கிறது என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? கிராங்க் ஷாஃப்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. 2007க்குப் பிந்தைய செவ்ரலே சில்வராடோ வி8 எஞ்சின்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் உண்டு, ஆனால் இருப்பது 58தான். இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்! அந்தப் பொக்கை சென்சாரைக் கடக்கும் கணத்தை வைத்துத்தான் கணினி நிலையைப் புரிந்துகொள்கிறது.

இப்பேர்ப்பட்ட பெட்டி கெட்டால் என்ன ஆகும்? சாவியை ஆன் செய்ததும் எரிய வேண்டிய செக் எஞ்சின் விளக்கு எரியவே எரியாது. ஸ்கேனரைச் செருகினால் மறுமுனையில் பதில் இருக்காது. உடனே ஆயிரம் டாலரை எடுத்துக்கொண்டு புதுப் பெட்டி வாங்க ஓடிவிடாதீர்கள்! ஈசிஎம் போச்சு என்று கழற்றி எறியப்பட்டவற்றில் ஒரு பாவமும் அறியாத பெட்டிகள் ஏராளம் என்று அனுபவப்பட்ட எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

உண்மையான குற்றவாளி யார் தெரியுமா? பல நேரங்களில் ஒரு சின்ன சென்சார். எஞ்சினைச் சுற்றியிருக்கும் பல சென்சார்களுக்குக் கணினிதான் 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரே 5 வோல்ட்டைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அவற்றில் ஏதாவது ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் போதும், மொத்த 5 வோல்ட்டும் படுத்துவிடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. சில பழைய டாட்ஜ் பிக்கப்களில் ஓடோமீட்டர் தெரியும் இடத்தில் கிலோமீட்டரும் இல்லாமல் மைலும் இல்லாமல் ‘நோ பஸ்’ என்று வந்து நிற்கும். கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் தடம் அடங்கிவிட்டது என்று அர்த்தம். பார்க்கிறவர் மூளையே செத்துவிட்டது என்று முடிவு கட்டுவார். ஏசி கேஸின் அழுத்தத்தை அளக்கிற சென்சார்கூட இந்த வேலையைச் செய்யும். ஏசிக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அந்த 5 வோல்ட்தான் சம்பந்தம்!

இந்தக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வித்தை எளிது. மல்டிமீட்டரை 5 வோல்ட் வயரில் வைத்துக்கொண்டு சென்சார் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றியதும் மீட்டர் மறுபடி 5 காட்டுகிறதோ, அகப்பட்டான் திருடன்.

அடுத்த சந்தேகம் எர்த் வயர். பத்தொன்பது இழையில் பதினெட்டு அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் வயர் நன்றாக இருப்பதாகவே காட்டும்! ஆம்பியர் பாயும்போதுதான் வேஷம் கலையும். அதனால் விவரமான மெக்கானிக்குகள் அந்த வயரில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டிப் பார்ப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் சரி, மினுக்கினால் வயர்தான் வில்லன். ஐந்து டாலர் வேலை.

நம்பவே முடியாத இன்னொன்று: சில எஞ்சின்களில் ஆயில் பிரஷர் சென்சார் உள்ளே கசிந்தால், எண்ணெய் வயரின் இழைகளுக்குள் புகுந்து, விளக்குத் திரியில் ஏறுவதுபோல ஏறி, கணினியின் சாக்கெட் வரைக்கும் போய்விடும். சாக்கெட்டைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய் ஈரம் தெரிந்தால், பெட்டியை மாற்றி என்ன பயன்? புதுசும் அதே எண்ணெயில்தான் குளிக்கும்.

60 என்ற எண்ணையும் நினைவில் வையுங்கள். கணினிகள் பேசிக்கொள்ளும் ‘கேன்’ தடத்தை பாஷ் நிறுவனம் 1986இல் உலகுக்குக் காட்டியது. 2008 மாடல் முதல் அமெரிக்காவில் கார், பிக்கப் எல்லாவற்றிலும் ஸ்கேனர் அந்த வழியாகத்தான் பேச வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளை சாக்கெட்டில் 6, 14 ஆகிய துளைகளுக்கு நடுவே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் தடம் எங்கோ அறுந்திருக்கிறது.

இத்தனையும் பார்த்து முடித்தும் கோளாறு தீரவில்லையா? அப்போது பெட்டியைப் பிடிக்கலாம். 1980களின் பிற்பாதியிலும் 90களின் முற்பாதியிலும் வந்த ஃபோர்டு பிக்கப்களின் கணினியைத் திறந்தால் சில நேரம் மீன் கவுச்சி அடிக்கும்! உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ரசாயனம் வருடக்கணக்கில் ஒழுகி, செம்புத் தடங்களை அரித்திருக்கும். மூக்கே ஸ்கேனர்! சீக்கிரம் கவனித்தால் சில ரூபாய் பெறுமான கெப்பாசிட்டர்களை மாற்றியே பெட்டியைப் பிழைக்க வைக்கலாம்.

2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசலில் இன்னொரு விந்தை. பேட்டரி 12 வோல்ட்தான், ஆனால் இன்ஜெக்டர்களைத் திறக்க ஒரு தனிப் பெட்டி அதை 48 வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்தப் பெட்டி உட்கார்ந்திருப்பது எஞ்சின் மேலேயே. சூடும் அதிர்வும் சேர்ந்து சால்டர் இணைப்புகளை விரிசல் விடச் செய்யும். பேட்டரி சோர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த 48 வோல்ட் 45க்குக் கீழே இறங்கினால் குளிர்காலக் காலையில் வண்டி முரண்டு பிடிக்கும்.

கணினி தன்மேல் தானே புகார் எழுதும் என்பது தெரியுமா? பி0601 வந்தால் ‘என் நினைவகத்தில் கணக்கு உதைக்கிறது’ என்கிறது, பி0606 வந்தால் ‘என் பிராசசரே சரியில்லை’ என்கிறது. இப்படி ஒப்புக்கொள்ளும் நேர்மை எத்தனை பேருக்கு உண்டு!

புதுப் பெட்டி வாங்கி மாட்டினால் வேலை முடிந்ததா? அங்கேதான் கூத்தே. 90களின் தொடக்கத்துச் செவ்ரலே பிக்கப்களில் புதுக் கணினி மூளையில்லாமல்தான் வரும். பழைய பெட்டியைத் திறந்து, அந்த வண்டிக்கென்று எழுதப்பட்ட சிப்பைப் பிடுங்கிப் புதியதில் செருக வேண்டும். பழைய பெட்டியைச் சிப்போடு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டால் அதோகதி.

பிறகு வந்த வண்டிகளில் மென்பொருளையும் 17 எழுத்து அடையாள எண்ணையும் கம்ப்யூட்டர் வழியாக ஏற்ற வேண்டும். அதன் பிறகும் திருட்டுத் தடுப்பு, ‘யார் நீ?’ என்று புதுப் பெட்டியைக் கேட்கும். 1999க்குப் பின் வந்த பல சில்வராடோக்களில் இதற்கு 30 நிமிடத் தவம்: சாவியை ஆனில் வைத்து, செக்யூரிட்டி விளக்கு அணைய சுமார் 10 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். ஆஃப். மறுபடி. மறுபடி. மூன்றாவது சுற்று முடிந்தால்தான் வண்டி சமாதானம் ஆகும். அதற்கு மேலும், ஸ்கேனரை மாட்டி எஞ்சினை உறும விட்டு, கிராங்க் பல்சக்கரத்தின் மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைப் புதுக் கணினி படித்துக்கொள்ள வேண்டும். ஒரே அச்சில் வந்த சக்கரங்களும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை!

கடைசியாக, பலருக்கும் தெரியாத பெரிய செய்தி. புகையைக் கட்டுப்படுத்தும் வேலையும் இந்தக் கணினிக்கு இருப்பதால், அமெரிக்க மத்தியச் சட்டம் எஃப்-150 போன்ற இலகுரக பிக்கப்களில் இதற்கு 8 வருடம் அல்லது 80,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி தரச் சொல்கிறது. சாதாரண வாரன்டி அதற்கு வெகு முன்பே முடிந்திருந்தாலும் இது செல்லும். அங்கே பிக்கப் ஓட்டும் வாசகர்களே, பர்ஸைத் திறப்பதற்கு முன் ஓடோமீட்டரைப் பாருங்கள், கூடவே வாரன்டி புத்தகத்தையும் புரட்டுங்கள்!