கால்வாய்க் கரைக் கீரை: எங்கே பறிக்கலாம்?

பந்திங் வட்டாரத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் பாதி நாள் கறி கால்வாய்க் கரையில்தான் கிடைத்தது. வல்லாரை, பொன்னாங்கண்ணி, குப்பைக்கீரை. ஈரமான இடத்தில் மலாய்க்காரர்கள் 'பூச்சோக் பாக்கு' என்று சொல்லும் பெரணிக் கொழுந்து. மழைக்குப் பின் கரையான் புற்றில் காளான்!

பின்லாந்து மக்களும் இப்படித்தான். காட்டுப் பழம், காளான் பறிக்க நில உரிமையாளரின் அனுமதிகூட அங்கே தேவையில்லை. நஞ்சுள்ள ஒரு காளானையே இருமுறை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு உண்கிறார்கள்.

நம் பக்கம் நஞ்சு வேறு விதம். தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லி, வேகவைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். பாராகுவாட் 2020 சனவரி முதல் நாள் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகள் இருக்கின்றன. கிளைபோசேட் அடித்த செடி சில நாள் பச்சையாகவே நிற்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மருந்து அடிக்கும் வேலையை நெடுங்காலம் செய்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்தாம். எந்த நிரையில் கை வைக்கக்கூடாது என்று அவர்களைக் கேளுங்கள்.

அதைவிட, பொன்னாங்கண்ணித் தண்டைக் கிள்ளி வீட்டுத் தொட்டியில் நடுங்கள், பிடித்துக்கொள்ளும். வல்லாரைக்கு வேரோடு ஒரு கணு போதும். தெரியாத காளானை மட்டும் தொடவே வேண்டாம்.