மறுபடியும் அதே கேம்புக்கா?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நாக்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் ஆரம்பமாகிவிடும். ஊருக்குப் போக ஜி.டி.யில் டிக்கெட் போடுவதா, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போடுவதா என்பது ஒன்று. பிள்ளைகளைப் போன வருஷம் அனுப்பிய அதே கோடைக் கேம்புக்கு இந்த வருஷமும் அனுப்புவதா என்பது மற்றொன்று. முதல் விஷயத்துக்கு என்னிடம் யோசனை கேட்பது வழக்கம். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தவன் ஆயிற்றே. இப்போது இரண்டாவதற்கும் கேட்கிறார்கள். என் பேரன் மூன்று வருஷம் ஒரே கேம்புக்குப் போய் வந்தான் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனாலும் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது சுலபம் என்று பட்டது.

நம் பிள்ளைகளில் பலர் போவது பச்மரிக்கு. மே மாதத்தில் நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, சாத்பூரா மலையில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஓர் ஊர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? சிந்துவாடா, தாமியா வழியாகச் சாலையிலேயே போய்விடலாம். ரயிலில் போகிறவர்கள் இடார்சி - ஜபல்பூர் பாதையில் பிபரியாவில் இறங்கி மலை ஏற வேண்டும். பாரத சாரணர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் பச்மரியில்தான் இருக்கிறது. அது போகப் பள்ளிகள் நடத்தும் கேம்புகள், தனியார் கேம்புகள். டென்ட்டில் தூக்கம், கயிற்றில் ஏறுவது, தூப்கர் சிகரத்தில் சூரிய அஸ்தமனம் என்று சரக்கு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வருஷம் அனுப்புவதில் யாருக்கும் பெரிய குழப்பம் வருவதில்லை. அடுத்த வீட்டுப் பையன் போகிறான், நம் பையனும் போகட்டும். இரண்டாவது வருஷம்தான் யோசிக்க வைக்கிறது, யோசிக்கவும் வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? "கேம்ப் எப்படிடா இருந்தது?" என்று போன ஜூனில் கேட்டார்கள். "சூப்பர்" என்றான். விசாரணை அதோடு முடிந்தது. பிப்ரவரியில் கேம்ப்காரர்களிடமிருந்து தகவல் வருகிறது: பழைய பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் சலுகை, இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். தேதி நெருங்குகிறது, கட்டிவிடுகிறார்கள்.

கேரேஜ் பகுதியில் வேலை பார்த்தவனுக்கு இது சரிப்படாது. போன தடவை குறையில்லாமல் ஓடி வந்தது என்பதற்காக எந்தப் பெட்டியையும் நாங்கள் சோதிக்காமல் விட்டதில்லை. கெடு வந்ததும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாக வேண்டும். கழற்றிப் பார்த்தாக வேண்டும். தேய்மானம் என்பது ஓடும்போது சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்காது.

எங்கள் காலனியில் ஒரு குடும்பம். பையனுக்குப் பன்னிரண்டு வயது, பெண்ணுக்குப் பத்து. இருவரும் ஒரே கேம்புக்குப் போனார்கள். திரும்பி வந்த பிறகு பையனுக்கு வாய் ஓயவில்லை. பெண் அதிகம் பேசவில்லை. அவள் சுபாவமே அதுதான் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. சிறுநீரில் தொற்று என்றார் டாக்டர். "அங்கே தண்ணீர் சரியாகக் குடித்தாயா?" என்று அவர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கழிப்பறை டென்ட்டிலிருந்து நூறடி தள்ளி இருந்தது. வழியில் விளக்கு இல்லை. கூட வர யாரையாவது எழுப்ப வேண்டும். எழுப்பினால் திட்டுவார்களோ என்று பயம். ஆகவே சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். எட்டு நாள் இப்படி. அதை ஒரு குறையாகவும் அவள் நினைக்கவில்லை. கேம்ப் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

அடுத்த மார்ச்சில் அவள் தாயார் என்னிடம் கேட்டார்: "மாமா, பையன் போயே ஆகணும்னு நிக்கறான். இவளும் போறேன்னுதான் சொல்றா. அனுப்பலாமா?" நடந்ததை அப்படியே கேம்ப்காரர்களுக்கு எழுதுங்கள், கோபமாக எழுத வேண்டாம், என்ன பதில் வருகிறதென்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் வேறு யாரும் இப்படிச் சொன்னதில்லை, உங்கள் குழந்தை கொஞ்சம் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று இரண்டு வரி. விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இருவரையுமே அனுப்பவில்லை. பையன் மூன்று நாள் கோபத்தைச் சாப்பாட்டில் காட்டினான். தங்கைக்கு நடந்ததற்கு அண்ணன் ஏன் இழக்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சொன்ன பிறகும் ஒரு விளக்குப் போடத் தோன்றாதவர்கள், மலையில் பையன் தொங்கும் கயிற்றின் முடிச்சை மட்டும் ஒழுங்காகப் பார்ப்பார்கள் என்று எந்த நம்பிக்கையில் அனுப்புவது?

குறையே இல்லாத கேம்பைத் தேடச் சொல்லவில்லை. அப்படி ஒன்று கிடையாது. என் பேரன் போன கேம்பிலும் முதல் வருஷம் ஒரு தவறு நடந்தது. இழுப்பு உள்ள ஒரு பையனின் மருந்து, பெட்டிகளை அடுக்கிய அறையில் பூட்டிக் கிடந்தது. ராத்திரி அவனுக்கு மூச்சு வாங்கியபோது சாவி இருந்தவரைத் தேட வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் வந்த விண்ணப்பத்தில் மருந்துக்கென்றே தனித்தாள் இருந்தது. என்ன மருந்து, எத்தனை வேளை, அது யார் கையில் இருக்கும், ராத்திரியில் அவர் எங்கே படுத்திருப்பார் என்பது வரை அதில் எழுதியிருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் என் மருமகள் இரண்டாம் தடவை கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளைகளிடம் கேட்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. "பிடித்திருந்ததா?" என்று கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள், பணம் கட்டி அனுப்பியிருக்கிறோம் என்பது அவர்களுக்கும் தெரியும். அண்ணன், தங்கை இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் பெரியவன் பதில்தான் இருவருக்கும். தனித்தனியாக, வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். ராத்திரி பக்கத்தில் யார் படுத்தார்கள்? பாத்ரூமுக்கு எப்படிப் போனாய்? யார் அதிகம் திட்டினார்? உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்லியிருப்பாய்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் குழந்தை ஒரு பெயரைச் சட்டென்று சொன்னால் எனக்குப் பாதி திருப்தி. பதில் இல்லாமல் விழித்தால் அந்தக் கேம்பைப் பற்றி மேலும் விசாரிக்க வேண்டும். தொட்டது, பிடித்தது என்று ஏதாவது வந்தால் கேம்ப்காரர்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருக்கக் கூடாது. 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி அது போலீஸில் சொல்லியே ஆகவேண்டிய விஷயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். பிள்ளைகளுக்கே அந்த எண்ணைச் சொல்லிக்கொடுத்து வைப்பது நல்லது.

இன்னொன்று. பெயர்ப்பலகை அதேதான் என்பதால் கேம்பும் அதேதான் என்று எண்ண வேண்டாம். கயிறு பிடிப்பவர்களும் மலை ஏற்றிச் செல்பவர்களும் பல இடங்களில் சீசனுக்கு மட்டும் வரும் கல்லூரிப் பிள்ளைகள். போன வருஷம் உங்கள் பையன் "பையா, பையா" என்று சுற்றி வந்த அந்த இளைஞன் இந்த வருஷம் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போயிருக்கலாம். போன வருஷத்தவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அருவியில் இறக்குவார்களா, இறக்கினால் நீச்சல் தெரிந்தவர் எத்தனை பேர் தண்ணீரில் நிற்பார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்பதில் வெட்கம் என்ன?

சரி, கேட்டாயிற்று, பதிலும் திருப்தி. அப்போதும் சிலர் சொல்கிறார்கள்: "ஒரு தடவை பார்த்த இடம்தானே, வேறு ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்ளட்டும்." ஒரு வருஷம் நீச்சல், ஒரு வருஷம் ரோபோ, அடுத்த வருஷம் வேத கணிதம் என்று மார்க் ஷீட்டில் பாடம் சேர்ப்பது போலச் சேர்க்கிறார்கள். நான் இந்தக் கட்சி இல்லை. முதல் வருஷத்தில் முதல் மூன்று நாள் வீட்டு ஏக்கத்திலேயே போய்விடுகிறது. மீதி நாள் இடம் பழகுவதில் போகிறது. கேம்ப் என்பதன் பலன் பல பிள்ளைகளுக்கு இரண்டாம் வருஷத்தில்தான் தொடங்குகிறது.

சாரணர் இயக்கத்தில் இது ஆரம்பத்திலிருந்தே தெரிந்த சங்கதி. பேடன் பவல் 1907-இல் பிரௌன்சி தீவில் முதல் முகாம் நடத்தியபோதே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெரிய பையனைத் தலைவனாக்கினார். இன்றும் அதே ஏற்பாடுதான். அதற்கு விவரம் தெரிந்த பையன் வேண்டும். (ரயில்வேயில் ஒவ்வொரு மண்டலமும் சாரணர் இயக்கத்தில் ஒரு மாநிலம் போலக் கணக்கு, எங்கள் ரயில்வே காலனிகளில் சாரணர் சீருடை காயாத கொடி குறைவு.) என் பேரன் முதல் வருஷம் இரண்டு நாள் அழுதிருக்கிறான். மூன்றாம் வருஷம் அவன் டென்ட்டில் பிலாயிலிருந்து வந்த ஒரு சின்னப் பையன் அழுதபோது, இவன் பக்கத்தில் உட்கார்ந்து, தான் அழுத கதையைச் சொல்லித் தூங்க வைத்தானாம். அந்தப் பையனின் தகப்பனார் போனில் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அந்தப் பையன் தமிழ்ப் பையன் என்பது இவனுக்குத் தெரிய நாலு நாள் ஆயிற்று. அதுவரை இருவரும் இந்தியில் பேசியிருக்கிறார்கள்!

ஆகவே இரண்டாவது தடவை அனுப்புகிறவர்கள் கேம்ப்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: பழைய பிள்ளைகளுக்கு இந்த வருஷம் என்ன வேலை? மறுபடியும் புதியவர்களோடு வரிசையில் நிறுத்தி அதே நாலு முடிச்சைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்றால் பன்னிரண்டு வயதுப் பையன் மூன்றாம் நாளே சேட்டை செய்ய ஆரம்பிப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் கேம்ப் என்பது பிள்ளையைப் பத்திரமாக விட்டுவைக்கும் இடமும்தான். அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் உள்ளூரிலேயே பகல் நேர வகுப்புகள் இருக்கின்றன. ராமன் அறிவியல் மையம் இங்கேதான் இருக்கிறது. பத்து நாள் மலைக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக, எனக்கு மிக முக்கியம் என்று படுவது தேதி. நம் விடுமுறை ஊரின் விடுமுறையோடு சேருவதில்லை. தமிழ்நாட்டில் பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் மூடி, ஜூன் முதல் அல்லது இரண்டாம் வாரத்தில் திறந்துவிடுகின்றன. இங்கே மே தொடக்கத்தில் விட்டால் விதர்பாவில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் திறக்க ஜூன் கடைசி ஆகிவிடும். ஜூன் நடுவில் ஊருக்குப் போனால் அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். நம் பிள்ளை தாத்தாவோடு டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வயதுப் பிள்ளைகளோடு தெருவில் பேசிப் பழகும் தமிழ் வேறு, நாம் வீட்டில் அதட்டிப் பேச வைக்கும் தமிழ் வேறு. அந்த வாய்ப்பு மே மாதத்தில் மட்டுமே உண்டு. கேம்புகளும் மேயில்தான் நடக்கின்றன, ஏனென்றால் ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் பச்மரி ஓடைகளில் பிள்ளைகளை இறக்க முடியாது. இரண்டும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. எண்பது வயதுப் பாட்டியிடம் "அடுத்த வருஷம் வருகிறோம்" என்று இரண்டு வருஷம் தொடர்ந்து போனில் சொன்ன வீடுகள் நம்மிடையே உண்டு.

இதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. விடுமுறை விட்டதும் தொடங்கும் முதல் பேட்சில் கேம்பை முடித்துக்கொண்டு, மே 20-ஐ ஒட்டி வண்டி ஏறிவிட வேண்டும். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே 20 பயணத்துக்கு மார்ச் 21 காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஜூன் 8 திரும்புவதற்கு ஏப்ரல் 9. முன்பெல்லாம் ஜனவரியிலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இப்போது கேம்ப்காரர்களுக்கு எழுதி, பதில் வாங்கி, பிள்ளையிடம் நிதானமாகக் கேட்க இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. முதல் பேட்ச் நிரம்பிவிட்டது, மே கடைசிப் பேட்ச்தான் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், கேம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வருஷம் வேண்டாம் என்பதே என் வோட்டு.